கழித்த பொருளும் கலைப்பொருளே!

(தலைப்பு: 'வீட்டில் கழித்த பொருளில் கைவினை செய்வது வீட்டுக்கு அழகே! அடைசலே!' ஆதிச்சநல்லூரில் தொலைக்காட்சிக்காகப் பதிவான பட்டிமன்றத்தில் 'அழகே' அணியில் ஆற்றிய உரை)

நடுநிலை தவறாத நடுவர் அவர்களே! எங்கள் அணிப் பெருமக்களே! 'அடைசல், அடைசல்' என்று சொல்லிச் சொல்லியே மேடையின் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பந்தலுக்குள்ளேயும், இடம் கிடைக்காமல் வேப்பமரத்தடியிலும், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் இருக்கிற அண்ணாச்சிமார்களே, ஆச்சிமார்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் கண்ணீர் விடாத குறையாப் பேசினார். 'எங்க வீட்டம்மா ஒரு பாட்டிலை விட்டு வைக்கிறதில்லை. சாயம் பூசி, மணி ஒட்டி, பூ வெச்சு அலமாரியில வரிசையா நிறுத்திட்டா. தண்ணி குடிக்க டம்ளர் எடுக்கப் போனா நாலு பாட்டில் உருளுது. இது வீடா, காயலான் கடையா?'ன்னு கேட்டார். நீங்களும் கைதட்டினீங்க. நான் கவனிச்சேன், ஆண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். (சிரிப்பு) எல்லாம் சொன்னாரே, நடுவர் அவர்களே, அத்தனை பாட்டில் அந்த வீட்டுக்குள்ளே எப்படி வந்தது என்று மட்டும் சொன்னாரா? (பெருஞ்சிரிப்பு, நீண்ட கைதட்டல்) கோபப்படாதீங்க நண்பரே, நான் நன்னாரி சர்பத் பாட்டிலைத்தான் சொன்னேன். (சிரிப்பு)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தலைப்பைப் பேசுவதற்கு இந்த ஊரை விடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டிலே கிடையாது. ஏன் தெரியுமா? பழசுக்கு உலகமே வந்து கும்பிடு போட்ட ஊர் இது! 1876-ல் ஜெர்மனியிலிருந்து யாகோர் என்ற அறிஞர் வந்து இந்தப் பரம்பைத் தோண்டினார். அவருக்குப் பின்னால் அலெக்சாண்டர் ரீ வந்தார். 114 ஏக்கர் பரப்பில் தாழி தாழியாகப் புதைந்து கிடந்தது. பொன்னால் செய்த நெற்றிப்பட்டம் வந்தது, வெண்கலச் சாமான் வந்தது, இரும்பு வாளும் ஈட்டியும் வந்தன. 2004-ல் மறுபடி தோண்டியபோது, கொஞ்ச இடத்துக்குள்ளேயே நூற்றுக்கு மேற்பட்ட தாழிகள். 2023 ஆகஸ்டில் அந்தத் தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்துக்குக் கீழே நாம் எட்டிப் பார்க்கும்படி செய்துவிட்டார்கள்.

உடனே எதிரணி நண்பர் எழுந்திருப்பார். 'ஐயா, தாழி ஒன்றும் கழித்த பொருள் இல்லையே, இறந்தவருக்காகப் போற்றி வைத்த பொருள் அல்லவா?' என்பார். உண்மை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈமக்காட்டை விட்டுவிட்டு, பழைய மனிதன் குடியிருந்த இடத்தைத் தோண்டினால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் அவன் வீட்டுக் குப்பைதான் கிடைக்கும். உடைந்த பானை, உடைந்த வளையல், தின்றுபோட்ட எலும்பு. நம் பாட்டனுக்குப் பாட்டன் எப்படி வாழ்ந்தான் என்று சாட்சி சொல்ல அவன் பீரோ வரவில்லை, அவன் குப்பைதான் வந்து சாட்சி சொல்கிறது! (கைதட்டல்)

அந்தக் குப்பையில் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அதுதான் இன்றைக்கு எங்கள் அணியின் முதல் சாட்சி. கீழடியிலே தோண்டினார்கள். சுடுமண்ணில் வட்ட வட்டமாகச் சில்லுகள் கிடைத்தன. ஒன்று இரண்டல்ல, ஏராளம். என்ன அது? உடைந்துபோன பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கி, பாண்டி ஆடுவதற்குச் செய்துகொண்ட சில்லு! யோசித்துப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு வீட்டிலே பானை உடைந்தது. தாய் தலையிலே கை வைத்திருப்பாள். பிள்ளையை நாலு வார்த்தை திட்டியிருப்பாள். அந்தப் பிள்ளை என்ன செய்தது? அந்த ஓட்டையே எடுத்துக்கொண்டு போய்த் திண்ணைக் கல்லிலே உரசியது. பானை செத்தது, பொம்மை பிறந்தது! முழுப் பானையைப் பத்திரமாக வைத்தவன் பேர் நமக்குத் தெரியாது. ஓட்டைத் தேய்த்த குழந்தையின் விளையாட்டு மட்டும் இன்றைக்கும் கண்ணாடிப் பேழைக்குள்ளே இருக்கிறது. அது அடைசலா, அழகா? (கைதட்டல்)

இதே தாமிரபரணி போய்க் கடலைத் தேடுகிற பக்கம் கொற்கை. முத்துக்குப் பேர் போன துறைமுகம். அங்கே தோண்டினால் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைக்கின்றன. சங்கை வளையமாக அறுத்தால் நடுப்பகுதி வளையலாகும். மீதியை என்ன செய்வது? சங்கையும் சிப்பியையும் சுட்டால் சுண்ணாம்பு. சுவருக்கும் ஆச்சு, வெற்றிலைக்கும் ஆச்சு. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. முத்து ராணி கழுத்துக்குப் போனது சரி, சிப்பி நம்ம வீட்டுச் சுவருக்கு வந்தது. முத்து பிறந்த வீட்டையே சுவரில் பூசி வாழ்ந்த ஜனங்கள் நாம். நம்மைப் பார்த்து, 'மிச்சத்தில் அழகு தேடாதே' என்கிறார்கள்!

அண்ணாச்சி, பழைய வீட்டு நடைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு நூல்சேலையின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். தீபாவளிக்கு வருகிறது, புதுச்சேலை. இரண்டு வருஷம் கழித்து அடுப்படிச் சேலை. கொஞ்சம் நைந்ததும் உத்தரத்தில் கட்டினால் பிள்ளைக்குத் தூளி. பிள்ளை வளர்ந்து நடந்ததும், நாலு சேலையை அடுக்கித் தைத்தால் போர்வை. போர்வை கிழிந்தால் சட்டி இறக்கப் பிடிதுணி. அதுவும் போனால் விளக்குத் துடைக்கிற கரித்துணி. கடைசியில் எருக்குழிக்குப் போய், மண்ணாகி, பருத்திச் செடிக்கே திரும்பிப் போய்விடும். ஒரு சேலைக்கு ஏழு பிறப்பு! இன்றைக்கு நாம் வாங்குகிற சேலைக்கு எத்தனை பிறப்பு? ஒரு கல்யாணத்துக்குக் கட்டினால், 'போட்டோவுல வந்துட்டுது, இனி கட்ட முடியாது' என்கிறோம். (சிரிப்பு) ஒரே பிறப்பிலேயே மோட்சம் கொடுத்துவிடுகிறோம்! (பெருஞ்சிரிப்பு)

சிரட்டையை எடுங்கள். காம்பு செருகினால் அகப்பை. பனை ஓலையை எடுங்கள். வளைத்துப் பிடித்தால் பதநீர் குடிக்கிற பட்டை, முடைந்தால் கருப்பட்டிக்குக் கொட்டான். மணப்பாட்டுப் பெண்கள் ஓலையில் செய்கிற பெட்டியைப் பார்த்தால் அதை வைக்கத் தனியாக ஒரு பீரோ வாங்கலாம் போலிருக்கும். நவராத்திரிக்குக் கொலு வைக்கிறீர்களே, அந்தப் படியைக் கொஞ்சம் வேட்டியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கும்? பழைய டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டின், பாடப்புத்தகக் கட்டு. மேலே அம்பாள், கீழே அடைசல்! (சிரிப்பு) அடைசலே இல்லை என்றால் அம்பாளுக்கு உட்கார இடம் இல்லை ஐயா! (கைதட்டல்)

இங்கே ஒரு நியாயமான கேள்வி வருகிறது. எதிரணிச் சகோதரி அழகாகக் கேட்டார். 'இரண்டு ரூபாய் பாட்டிலை அலங்காரம் பண்ண முந்நூறு ரூபாய்க்குப் பசையும் சாயமும் ஜிகினாவும் வாங்குறாங்களே, இதுதான் சிக்கனமா?' என்றார். அம்மா, அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்! கைகொடுக்கிறேன். கழிவைக் குறைக்கப் போய்க் கழிவை விலைக்கு வாங்கக் கூடாது. அதனால்தான் என் மாணவிகளிடம் மூன்று கேள்வி சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கத்தரிக்கோலை எடுக்கிறதுக்கு முன்னாலே இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று, இதைச் செய்யக் கடைக்குப் போக வேண்டுமா, வீட்டில் இருப்பதே போதுமா? இரண்டு, செய்து முடித்தால் நாளைக்கு இது வேலை செய்யுமா, தூசிதான் வாங்குமா? மூன்று, இதன் ஆயுசு முடிந்தால் பிரித்துப் போட முடியுமா? இந்த மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம். சும்மா இருக்கிற கண்ணாடிப் பாட்டிலைப் பழைய சாமான்காரர் எடுத்துக்கொள்வார். உருக்கினால் மறுபடி கண்ணாடி. அதன் மேலே ஜிகினா, பிளாஸ்டிக் மணி, பஞ்சு எல்லாம் சேர்த்து ஒட்டிவிட்டால் அதை யாரும் எடுக்க மாட்டார்கள். ஒட்டுவதை விடக் கட்டுவது நல்லது. கட்டுவதை விடப் பின்னுவது நல்லது. பின்னினதைப் பிரிக்கலாம்!

இன்னொன்றையும் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கழிவும் கைவினைக்கு ஆகாது. பூச்சிமருந்து டப்பாவை எத்தனை தரம் கழுவினாலும் பூந்தொட்டியாகக் கூட வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். உடைந்த டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது, தொடாதீர்கள். பேட்டரியைப் பிரிக்காதீர்கள். பெயிண்ட் டப்பாவில் அரிசி கொட்டாதீர்கள். பிளாஸ்டிக்கை அடுப்பில் காட்டி வளைக்கிறேன் என்று புகையைப் பிள்ளைகள் சுவாசிக்கும்படி செய்யாதீர்கள். கலை முக்கியம், கலைஞர் உயிரோடு இருப்பது அதைவிட முக்கியம். (சிரிப்பு)

'அப்படின்னா என்னதான்யா செய்றது?' என்றால், நம்ம ஆச்சிமார் செய்த இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது காகிதக் கூழ்ப்பெட்டி. பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். நன்றாக ஊறியதும் பிழிந்து, ஊறவைத்த வெந்தயத்தோடு உரலில் போட்டு இடிப்பார்கள். வெந்தயம்தான் பசை. அந்தக் கசப்புக்குப் பூச்சியும் சீக்கிரம் அண்டாது. அந்தக் கூழைக் கவிழ்த்த பானை மேலே கனமாகப் பூசி, நல்ல வெயிலில் நாள்கணக்கில் காய வைத்து, பானையை உருவிவிட்டால் பெட்டி தயார். மிளகாய் வற்றல் போடலாம், வடகம் போடலாம், பருப்புப் போடலாம். தண்ணீர் மட்டும் படக்கூடாது. கடையில் பசை வாங்கினார்களா? இல்லை. செய்த பொருள் வேலை செய்ததா? செய்தது. ஆயுசு முடிந்தால்? தண்ணீரில் போட்டால் மறுபடி கூழ்! மூன்று கேள்விக்கும் ஆச்சி நூற்றுக்கு நூறு! (கைதட்டல்) காலையில் நாம் படித்துவிட்டுக் கவலைப்பட்ட செய்தியை எல்லாம் உரலில் போட்டு இடித்து, அதில் வடகம் வைத்தாளே, அவள் அல்லவா தத்துவஞானி! (பெருஞ்சிரிப்பு)

இரண்டாவது கால்மிதி. பழைய சேலையை மூன்று விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழியுங்கள். தலைக்குச் சடை போடுவது போல மூன்றையும் பின்னுங்கள். பின்னப் பின்ன நாடா சேர்த்துக்கொண்டே போங்கள். பாம்பு சுருண்ட மாதிரிச் சுற்றிச் சுற்றி வைத்து ஊசி நூலால் தையுங்கள். வாசலில் போடலாம். அழுக்கானால் துவைக்கலாம். இதைச் சிறுபிள்ளையும் செய்யும், வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் அடைசலாக உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்ற கணவன்மாரும் செய்யலாம்! (சிரிப்பு)

அடுத்து எதிரணித் தலைவர் கடைசி அம்பை எடுப்பார், எனக்குத் தெரியும். 'ஊருக்கு வெளியே மலை மலையாகக் குப்பை கிடக்கிறது. நீங்கள் ஒரு கால்மிதி பின்னினால் அந்த மலை குறையுமா?' என்பார். நடுவர் அவர்களே, ஒரு கால்மிதியால் மலை குறையாது. நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்குச் சட்டம் வேண்டும், அரசாங்கம் வேண்டும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற 14 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போட வழி கண்டார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எல்லாம் பெருமைதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தத் திட்டங்கள் எல்லாம் எங்கே போய்ச் சிக்கிக்கொள்கின்றன? நம்ம வீட்டுக் குப்பைக்கூடையில்! சாம்பார்ச் சாதமும், பால் கவரும், பேட்டரியும், பிள்ளை கிழித்த நோட்டும் ஒரே கூடையில். 2016-ல் வந்த விதிகளே சொல்லிவிட்டன, ஈரக்குப்பை வேறு, உலர்ந்த குப்பை வேறு, ஆபத்தான குப்பை வேறு என்று மூன்றாகப் பிரித்துக் கொடு என்று. பிரித்தோமா? தெருவில் வருகிற தூய்மைப் பணியாளர் தன் கையால் பிரிக்கிறார். நாம் போட்ட பிளேடு அவர் விரலைக் கிழிக்கிறது. இது அல்லவா வெட்கம்!

கைவினை செய்கிறவள் கூடையைப் பாருங்கள். பால் கவரில் பை பின்ன வேண்டுமென்றால் அதைக் கழுவிக் காய வைத்தால்தான் முடியும். காகிதம் கூழாக வேண்டுமென்றால் அதில் எண்ணெய் படக் கூடாது. அழுகின தக்காளியோடு கலந்த பொருளில் எவராலும் கலை செய்ய முடியாது. ஆகவே சட்டம் சொல்லியும் கேட்காத கை, கலைக்காகப் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது! அவள் பத்துக் கவரில்தான் பை பின்னுவாள். மீதி நூறு கவரும் சுத்தமாக, தனியாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கால்மிதி குப்பையைக் குறைக்காது நண்பரே, கால்மிதி பின்னிய கை குறைக்கும். (நீண்ட கைதட்டல்)

பெரிய அளவில் முடியாதா? சண்டிகருக்குப் போய்ப் பாருங்கள். நேக் சந்த் என்று ஒரு சாலை ஆய்வாளர். 1950-களின் கடைசியில் தொடங்கி, வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம், காட்டுப்பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டம் சமைத்தார். நகரம் கட்டுவதற்காக இடித்த ஊர்களின் இடிபாடு, உடைந்த பீங்கான், உடைந்த கண்ணாடி வளையல், இவைதான் அவர் சாமான். அதிலே மனிதர் செய்தார், மயில் செய்தார், மாளிகை செய்தார். அரசாங்கத்து நிலம், அனுமதி கிடையாது. இடித்துத் தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை! 1976-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அவருக்குச் சம்பளம் கொடுத்து, உதவிக்கு ஆளும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. இன்றைக்கும் உலகமெல்லாம் அந்தப் பாறைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறது.

நம்ம கடல் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே சுமங்கலிகள் கைக்கு வளையலாகிறது. அதற்குப் பதிலாக வங்காளத்திடமிருந்து நாம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். காந்தா என்று பேர். பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் பூவும் கிளியும் தைத்து விடுவார்கள். நூல் கூட வெளியிலிருந்து வாங்குவதில்லை! ஏழைத் தாய் பிள்ளைக்காகத் தைத்த கந்தல், இன்றைக்கு அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

அருங்காட்சியகம் என்றதும் ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண். விடுதியில் தங்கியிருந்தாள். ஒட்டுப்போட்ட ஒரு போர்வை வைத்திருந்தாள். ஆறு நிறத்தில் ஆறு துண்டு. கூட இருந்த பிள்ளைகள், 'ஏட்டி, இது என்ன, பிச்சைக்காரப் போர்வை?' என்று சிரித்தார்கள். ஒருநாள் அறையைச் சுத்தம் பண்ணச் சொன்னபோது, 'இந்த அடைசலை முதல்ல தூக்கிப் போடு' என்று மேலே இருந்தவர்களும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை போர்வையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு சொன்னாள்: 'எங்கம்மா நான் எட்டாவது படிக்கும்போது இறந்துட்டாங்க. அவங்க கட்டின சேலை ஆறுதான் மிச்சம். எங்க ஆச்சி அதை எல்லாம் சேர்த்துத் தச்சுத் தந்தா. இந்த மஞ்சத் துண்டு, என்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க வந்த அன்னிக்கு எங்கம்மா கட்டியிருந்தது. நான் பரீட்சைக்கு முந்தின ராத்திரி இதை மூடிக்கிட்டுத்தான் தூங்குவேன்.'

(அரங்கில் அமைதி)

அதற்கப்புறம் அந்த விடுதியில் யாரும் அந்தப் போர்வையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் தங்கள் ஆச்சிமாரிடம் ஊசி நூலை எடுத்துக் கொடுத்து, 'எனக்கும் கத்துக் கொடு' என்று உட்கார்ந்ததாக என்னிடம் சொன்னார்கள். இன்றைக்குப் பல வீடுகளில் பழைய சேலையும், அதைத் தைக்கத் தெரிந்த ஆச்சியும் ஒரே மூலையில்தான் இருக்கிறார்கள், நடுவர் அவர்களே. சேலையை எடுத்தால்தான் ஆச்சிக்குப் பேச ஆள் கிடைக்கும். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே! நாளைக்கு ஒருநாள், பல நூறு ஆண்டு கழித்து, இதே தாமிரபரணிக் கரையை ஒருவன் தோண்டுவான். நம்ம குப்பை அவனுக்குக் கிடைக்கும். ஓலைப்பெட்டி மக்கிப் போயிருக்கும். ஷாம்பு பாக்கெட் சிரித்துக்கொண்டிருக்கும். 'இந்த ஜனங்கள் நிறைய வாங்கினார்கள், நிறையத் தலை குளித்தார்கள்' என்று மட்டும் எழுதிக்கொண்டு போவான். (சிரிப்பு) அப்படி இல்லாமல், 'இவர்கள் உடைந்ததிலும் ஒரு விளையாட்டுக் கண்டார்கள், கிழிந்ததிலும் ஒரு தாயைக் கண்டார்கள்' என்று அவன் எழுத வேண்டுமென்றால், இன்றைக்கு நம் கையில் ஊசியும் நூலும் ஏற வேண்டும். ஆகவே, கழித்த பொருளில் கைவினை செய்வது வீட்டுக்கு அழகே, அழகே, அழகே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)